நேர்காணலுக்கு எடுத்த சட்டை

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியறை. நான்கு கணினிகள், ஒரு பிரிண்டர், மூலையில் பலகை அடைத்த சின்ன அறை. அங்கே ஒரு குரு இருந்தார். பெயர் மங்களேஸ்வரி. வயது இருபத்தொன்பது. விண்ணப்பம் அடித்துத் தருவார், வீடியோவில் நடக்கும் நேர்காணலுக்கு ஆட்களைத் தயார் செய்வார். எல்லோருக்கும் அவர் டீச்சர்.

சீடர் சவரிமுத்து. வயது ஐம்பத்தொன்று. நூற்பாலையில் இருபத்துநாலு வருடம் எலக்ட்ரீஷியன். ஆலையை மூடி எட்டு மாதம் ஆகிறது. வேலை இல்லாத வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்று தனியாக ஒன்று இருப்பதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் படியேறி வந்தார்.

"வெள்ளிக்கிழமை எனக்கு வீடியோ இன்டர்வியூ டீச்சர். பக்கத்துலதான், பைபாஸ் ரோட்டுல குளிர்பதனக் கிடங்கு. மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். கிடைச்சா வீட்டுலயே சாப்பிட்டு வீட்டுலயே தூங்கலாம்."

"கிடைக்கலேன்னா?"

"சனிக்கிழமை சூரத்துக்கு ரயில். மச்சினன் அங்க ஒரு மில்லுல சொல்லி வச்சிருக்கான். டிக்கெட் போட்டாச்சு. போட்டதிலேருந்து வீட்டுக்காரி எங்கூடப் பேசுறதில்லை."

"இதுக்கு முன்னாடி இன்டர்வியூ குடுத்திருக்கீங்களா?"

"ரெண்டு. ரெண்டும் போச்சு."

"முதல்ல என்ன போட்டுக்கிட்டு உட்கார்ந்தீங்க?"

"கோட்டு. கல்யாண ரிசப்ஷனுக்கு வாடகைக்கு விடுவாங்களே, அது. காலர்ல வெல்வெட்டு. நெஞ்சுல கல்லு வச்ச பூ ஒண்ணு."

"என்ன கேட்டாங்க?"

"பொண்ணு எங்கேன்னு கேட்டாங்க."

டீச்சர் சிரிக்கவில்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து, உள்ளே குனிந்து எதையோ தேடிவிட்டு மூடினார்.

"ரெண்டாவது?"

"கோட்டு வேண்டாம்னு கட்டம் போட்ட சட்டை. சத்தம் கேட்கும்னு வீட்டுக்காரி ஃபேனை நிறுத்திட்டா. வேர்த்து ஊத்துச்சு. திரையில என் மூஞ்சியைப் பார்த்துப் பார்த்துத் துடைச்சேன். காலர் ஒரு பக்கம் தூக்கிக்கிட்டே நின்னுச்சு. அமுக்கி அமுக்கி விட்டேன்."

"என்ன கேட்டாங்க?"

சவரிமுத்து யோசித்தார். "அது ஞாபகமில்லை டீச்சர். காலர்தான் ஞாபகமிருக்கு."

மறுநாள் ஏழு சட்டைகளோடு வந்தார். அதில் மூன்று புதுசு.

"எது எடுப்பா இருக்கும் டீச்சர்?"

"ஒவ்வொண்ணாப் போட்டுக்கிட்டு ரெண்டு கையையும் மேலே தூக்குங்க."

தூக்கினார். ஒன்றில் அக்குள் பிரிந்தது. நான்கு இடுப்பை விட்டுக் கழன்று வந்தன. ஒன்றில் பித்தான் தெறித்துப் பிரிண்டருக்குள் விழுந்தது. மிஞ்சியது ஒரு பழைய இளநீலச் சட்டை.

"இதை முதல்லயே சொல்லியிருந்தா மூணு சட்டை எடுத்திருக்க மாட்டேனே."

"முதல்ல நீங்க என்னைக் கேட்கலையே அண்ணே."

ஒத்திகைக்கு அந்தச் சட்டையும் கைலியுமாக உட்கார்ந்தார்.

"பேன்ட் எங்கே?"

"இடுப்புக்குக் கீழேதான் தெரியாதே டீச்சர்."

டீச்சர் எழுந்தார். ஸ்டாண்டு ஃபேனை இழுத்து வந்து, அவர் முழங்காலுக்கு நேராகத் திருப்பி, முழு வேகத்தில் வைத்தார்.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க."

"நான் வந்து... இருபத்துநாலு வருஷம்... டீச்சர், ஃபேன்!"

"மேலே சொல்லுங்க."

"ரெண்டு கையும் வேலையா இருக்கு, எப்படிச் சொல்றது?"

வியாழக்கிழமை பேன்ட்டும் பெல்ட்டும் ஷூவுமாக வந்தார்.

அன்று டீச்சர் வெளியே ஒரு கணினியிலும் சவரிமுத்து சின்ன அறைக்குள்ளும் உட்கார்ந்து பேசிப் பார்த்தார்கள். கேள்வி கேட்கும்போதெல்லாம் சவரிமுத்துவின் கண் திரையின் மூலைக்கு ஓடியது. அங்கே நகம் அளவுக் கட்டத்தில் அவர் முகமே தெரிந்தது. அதைப் பார்த்து மீசையைத் தடவினார். காலரைத் தடவினார். பதில் பாதியில் நின்றது.

டீச்சர் எழுந்து உள்ளே வந்தார். நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அந்த மூலையில் ஒட்டினார். முகம் இருந்த இடத்தில் அது சரியாக உட்கார்ந்தது.

"இப்ப என் முகமே தெரியலையே டீச்சர்."

"எனக்குத் தெரியுதே," என்று சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணி. சின்ன அறையின் கதவு சாத்தியிருந்தது. டீச்சர் வெளியே யாருக்கோ சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தார். திடீரென்று உள்ளேயிருந்து கத்தல் கேட்டது.

"இறங்குங்க சார்! சொல்றேன்ல, முதல்ல கீழே இறங்குங்க!"

டீச்சர் பாதி எழுந்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

அரை மணி கழித்து சவரிமுத்து வெளியே வந்தார். முகம் வெளிறியிருந்தது. ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்து முடித்தார்.

"யாரைண்ணே இறங்கச் சொன்னீங்க?"

"இன்டர்வியூ எடுத்தவரை."

"எதுலேருந்து?"

"ஸ்டூல்லேருந்து." சவரிமுத்து மூச்சு வாங்கினார். "அவர் சென்னையில அவர் வீட்டுல உட்கார்ந்திருந்தார் டீச்சர். கோட்டு, டை எல்லாம் பிரமாதம். ஆனா தலைக்கு மேலே ட்யூப்லைட்டு பட்பட்டுன்னு அடிச்சுக்குது. மனுஷன் கண்ணைக் கசக்கிக் கசக்கி என் விண்ணப்பத்தைப் படிக்கிறார். என்னால பார்த்துக்கிட்டு இருக்க முடியலை. சார், ஸ்டார்ட்டர் போயிருச்சு, மாத்துங்கன்னுட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"ஸ்டார்ட்டர்னா எதுன்னு கேட்டார். சொன்னேன். அடுக்களை லைட்டுல இருக்கிறதைக் கழற்றி எடுத்துட்டு வந்தார். சுவிட்சை அணைக்காம ஏறிட்டார். அதுக்குத்தான் கத்தினேன். அவர் ஏறின பிறகுதான் கவனிச்சேன், மேலே கோட்டு, கீழே பச்சைக் கட்டம் போட்ட கைலி."

இந்தத் தடவை டீச்சர் இழுப்பறையைத் திறக்கவில்லை. வாய்விட்டுச் சிரித்தார்.

"நீங்க சிரிச்சீங்களா?"

"நான் எங்க சிரிக்கிறது? தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். அவர் சுவிட்சை அணைச்சார். ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது போல. எனக்கு அவர் தெரியலை. அவர் மறுபடி ஏறி விட்டத்தைத் தடவிக்கிட்டு நிக்கிறார், அவருக்கு நான் தெரியலை. மேலேயிருந்து குரல் மட்டும் வருது. கம்ப்ரஸர் நின்னா முதல்ல எதைப் பார்ப்பீங்க? ராத்திரி ஷிஃப்டுக்கு ஆள் வரலேன்னா? உங்க கண் முன்னாடி யாருக்காவது ஷாக் அடிச்சிருக்கா? ஒவ்வொண்ணாக் கேட்டார். நானும் சொல்லிக்கிட்டே இருந்தேன். நடுவுல, இன்னும் கொஞ்சம் வலது பக்கம் திருகுங்க சார்னும் சொன்னேன்."

"லைட்டு எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது. இறங்கினார். கைலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டையைக் கழற்றி ஓரமா வச்சார். திங்கக்கிழமை எட்டு மணிக்கு வந்துருங்கன்னார்."

"அதுக்கு ஏன் முகம் வெளுத்துப் போச்சு?"

"அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் ஆடுது டீச்சர். இன்னும் நெஞ்சு படபடங்குது."

பிறகு வீட்டுக்குப் போன் செய்தார். எதிர்ப் பக்கம் வெகு நேரம் சத்தமே இல்லை. கடைசியில் ஏதோ கேட்டது. சவரிமுத்து போனை வைத்தார்.

"என்ன சொன்னாங்க?"

"ராத்திரிக்கு இட்லியா, தோசையான்னு கேட்டா." சவரிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்தார்.

படிவரை போனவர் திரும்பி வந்தார். சட்டையின் முன்பக்கத்தை ஒருமுறை குனிந்து பார்த்து, சுருக்கத்தை நீவி விட்டுக்கொண்டார்.

"எல்லாம் சரி டீச்சர். ஒண்ணுதான் தெரியலை. அத்தனை கேள்வி கேட்டாரே, அப்ப இந்தச் சட்டை எனக்கு எடுப்பா இருந்திருக்குமா?"

டீச்சர் சொன்னார்:

"இருட்டுல ரொம்ப எடுப்பா இருந்திருக்கும் அண்ணே."