ஐந்தாவது இலை

"ஒரு பேரைத் தொலைச்சுட்டேன், அம்மா."

சுனையம்மா பாறைச் சுனையில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"யார் பேரு அக்கா?"

"அதுதான் தெரியலையே."

வேடியம்மாள் மலை ஏறி வந்த மூச்சு அடங்காமல் பாறைமேல் சாய்ந்தாள். ஐம்பத்திரண்டு வயசு. முழங்கால் அவள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. செவ்வாய்க்கிழமைதோறும் வந்து சுனையடியைப் பெருக்கிவிட்டு, சுனையம்மா ஏதாவது சொன்னால் கேட்டுக்கொண்டு போவாள். எட்டு வருஷப் பழக்கம்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை இல்லை.

சுனையம்மா அவளைவிடப் பத்து வயசு இளையவள். எந்த ஊர்க்காரி என்று யாருக்கும் தெரியாது. சுனைக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை போட்டுக்கொண்டு இருந்தாள். அடிவாரத்து நாலு ஊரும் அவளை அம்மா என்று கூப்பிட்டது. அவள் எல்லாரையும் அக்கா, அண்ணா என்றாள்.

"எங்க தொலைச்ச?"

"எங்க வீட்டுப் படையல்ல."

வேடியம்மாள் வாழ வந்த வீட்டில் பூவாடைக்காரிக்குப் படையல் போடுவது வழக்கம். அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து, பூவும் பொட்டுமாகப் போய்ச் சேர்ந்த பெண்களுக்குப் போடுகிற படையல் அது. வருஷத்துக்கு ஒருமுறை உண்டு. வீட்டில் கல்யாணம் என்றால், தாலி கட்டுவதற்கு முன்னால் தனியாக ஒருமுறை. ஒருத்திக்கு ஒரு இலை. மூத்த மருமகள் சாம்பிராணிப் புகை போட்டு, இலையைச் சுற்றித் தண்ணீர் விட்டு, பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். முனியம்மா, வந்து சாப்பிடு. எல்லம்மா, வந்து சாப்பிடு. இப்படி.

மொத்தம் ஒன்பது இலை.

அந்தப் பேர்கள் எந்தக் காகிதத்திலும் இல்லை. பட்டாவில் ஆம்பளைகள் பேர்தான் இருந்தது. பெண்கள் பேர் மாமியார் வாயிலிருந்து மருமகள் காதுக்கு வந்துகொண்டிருந்தது.

வேடியம்மாளின் மாமியார் காத்தாயி. கறாரான பொம்பளை. குழம்பில் உப்பு ஒரு கல் கூடினாலும் தட்டைத் தள்ளிவிடுவாள். உடம்புக்கு ஒன்று என்று ஒருநாள் படுத்ததில்லை. படையல் புகைதான் கொஞ்சம் ஆகாது, இருமுவாள். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் காலையில் கூழ்ச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே சுவரில் சாய்ந்தாள். அவ்வளவுதான். ஒன்பதாவது இலை அவளுக்கு.

"எட்டுப் பேரு தெரியும் அம்மா. அஞ்சாவது இலைதான். தலைகீழா நின்னு பாத்துட்டேன், வரலை."

"மாமியார் சொல்லிக் கொடுக்கலையா?"

"உக்கார வச்சுச் சொல்ற வழக்கம் எங்க வீட்ல இல்ல. வருஷா வருஷம் பக்கத்துல நின்னு காதுல வாங்கிக்கணும். நான் எங்க பராக்குப் பாத்தேனோ. ஒரு தடவை கேட்டேன். 'காதை எங்க அடகு வச்சிருந்த'ன்னு ஒரு பாட்டம் திட்டினாங்க. அதுக்கப்புறம் கேக்க பயம்."

சுனையம்மா காலை ஆட்டினாள். தண்ணீரில் தலைப்பிரட்டைகள் சிதறி ஓடின.

"இத்தனை நாள் இல்லாத அவசரம் இப்ப என்ன?"

மகன் தினகரனுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறது என்றாள் வேடியம்மாள். வெள்ளிக்கிழமை படையல். வரப்போகிற மருமகள் மேகலா படித்த பெண். நல்ல பெண்தான், அதில் குறை சொல்ல முடியாது. அந்தப் பெண்தான் நிச்சயம் முடிந்த மறுநாளே போன் பண்ணி, அத்தை, நம்ம வீட்டுப் பேரையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைக்கப் போகிறேன், இனிமேல் யாருக்கும் மறக்காது என்று சொன்னது. கெட்டி அட்டை போட்ட நோட்டு. வாங்கியே விட்டதாம்.

அன்றையிலிருந்து வேடியம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

நாத்தனாரைக் கேட்டாள். பங்காளி வீட்டுக் கிழவரைக் கேட்டாள். அவர் தன் பெண்டாட்டி பேரையே யோசித்துச் சொல்கிற நிலையில் இருந்தார். புருஷனைக் கேட்டதற்கு, ஏதாவது ஒரு பேரைச் சொல்லு, சாப்பிட வர்றவங்க ஆதார் கார்டா காட்டப் போறாங்க என்றான்.

"செல்லம்மான்னு சொல்லிடலாமான்னு நானும் நினைச்சேன். நல்ல பேருதான்."

"சொல்லேன்."

"வாயில சொன்னா காத்தோட போயிடும். அந்தப் பொண்ணு எழுதிடுமே அம்மா. எழுதினா நிலைச்சுடும். நாளைக்கு என் பேரன் பேத்தியெல்லாம் இல்லாத ஒருத்தியைக் கூப்பிட்டு உக்கார வைப்பாங்க. இருந்தவ வாசல்லயே பசியோட நிப்பா."

சொல்லும்போதே வேடியம்மாளுக்குக் கண் நிறைந்தது.

"நூறு வருஷமா சாப்பிட்டவ. என் கையில வந்து பட்டினி ஆயிட்டா."

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வந்த காரியத்தைக் கேட்டாள். அம்மா கண்ணை மூடிப் பார்த்தால் எல்லாம் தெரியும் என்று ஊரில் சொல்கிறார்கள். காணாமல் போன மாட்டைக்கூடச் சொன்னீர்களாம். அந்த ஒரு பேரை மட்டும் சொன்னால் போதும்.

சுனையம்மா கண்ணை மூடினாள்.

வேடியம்மாள் கை கூப்பிக்கொண்டு காத்திருந்தாள்.

சுனையம்மா கண்ணைத் திறந்தாள்.

"பசிக்குது அக்கா. அஞ்சாவது இலையில என்ன வைப்பீங்க?"

"கேழ்வரகு அடை. முருங்கைக்கீரை போட்டு."

"மாவு பானையில இருக்கு. மரம் பின்னாடி இருக்கு."

வேடியம்மாளுக்குச் சுருக்கென்றது. அழுதுகொண்டு வந்தவளை அடுப்படிக்கு அனுப்புகிறாளே என்று நினைத்தாள். ஆனாலும் எழுந்து போய்க் கீரையை உருவி வந்தாள்.

சுனையம்மா நாலு வெங்காயத்தை எடுத்து நீட்டினாள்.

"வேணாம். வெங்காய வாசனையே அவளுக்கு ஆகாது."

"ஓ."

வேடியம்மாள் மாவைப் பிசைந்து கல்லில் தட்டினாள். கீரை வாசம் கொட்டகையை நிறைத்தது. சுனையம்மா ஒரு வாழை இலையை நறுக்கித் தரையில் போட்டாள். வலது பக்கம் தண்ணீர்ச் சொம்பை வைத்தாள்.

"அந்தப் பக்கம் இல்லம்மா, இடது பக்கம். அவ இடதுகைக்காரி."

சுனையம்மா சொம்பை மாற்றி வைத்தாள். பக்கத்தில் ஒட்டி இன்னொரு இலையைப் போட்டாள்.

"இது நாலாவது இலைன்னு வச்சுக்கோ."

"ஐயோ, இவ்வளவு கிட்டயா. நடுவுல ஒரு முழம் விடணும். ரெண்டு பேருக்கும் பேச்சு கிடையாது."

"ஏன்?"

அடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே வேடியம்மாள் சொன்னாள். ஒரு பஞ்சத்தில் வீட்டில் தானியம் தீர்ந்துபோனது. விதைக்கு என்று எடுத்து வைத்த கேழ்வரகு மட்டும் மிச்சம். அதை இவள் மடியில் கட்டிக்கொண்டு தூங்கினாள். மாமியார் கேட்டும் அவிழ்க்கவில்லை. நாலாவது இலைக்காரி, இவளுக்கு ஓரகத்தி, குழந்தைக்குக் கஞ்சிக்கு ஒரு பிடி கேட்டாள். அதற்கும் தரவில்லை. மழை வந்ததும் விதைத்தாள்.

"குழந்தை?"

"பிழைச்சுக்கிச்சு. எங்க வீட்டுக்காரரோட பாட்டன் அது. ஆனா ரெண்டு பேரும் சாகற வரைக்கும் பேசிக்கலை. இன்னைக்கும் எங்க நிலத்துல அந்த விதைதான். வெளியில விதை வாங்கினதில்ல."

சுனையம்மா நாலாவது இலையை ஒரு முழம் தள்ளிப் போட்டாள்.

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம்."

தள்ளிப் போட்டாள்.

வேடியம்மாள் அடையைக் கல்லிலிருந்து எடுத்து அப்படியே இலையில் வைத்தாள். ஆறவிடக் கூடாது என்றாள். உயிரோடு இருக்கும்போது அவள் சூடாக ஒருவாய் தின்றதில்லை. எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் தின்பாள். அதனால் அவள் இலைக்கு மட்டும் அடுப்பிலிருந்து நேராக வர வேண்டும் என்று காத்தாயி சொல்லியிருந்தாள்.

சுனையம்மா இலை முன்னால் உட்கார்ந்தாள். இடது கையால் பிட்டுத் தின்ன ஆரம்பித்தாள்.



வேடியம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள். பாதி அடை போனது. முக்கால் அடை போனது. அவளுக்குப் பொறுக்கவில்லை.

"பேரு, அம்மா?"

"அடை நல்லா இருக்கு."

வேடியம்மாள் தொப்பென்று தரையில் உட்கார்ந்தாள். நாலு வருஷமாக நெஞ்சில் வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது.

"நான் ஒரு பாவம் பண்ணிட்டு வரேன் அம்மா. யார்கிட்டயும் சொல்லலை. நாலு வருஷமா ஏமாத்திக்கிட்டு இருக்கேன். நாலாவது இலை வரைக்கும் பேரைச் சத்தமா கூப்பிடுவேன். அஞ்சாவதுக்கு வந்ததும் புகை ஏறின மாதிரி இருமுவேன். இருமிக்கிட்டே தண்ணி சுத்திட்டு ஆறாவதுக்குப் போயிடுவேன். கூட நிக்கிறவங்களுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும் இல்ல?"

சுனையம்மா கடைசித் துண்டை வாயில் போட்டு மென்றாள். விழுங்கினாள்.

"நல்ல யோசனை. யாருகிட்ட கத்துக்கிட்ட?"

"இதையெல்லாம் யாராவது கத்துக் கொடுப்பாங்களா? நானாதான்..."

வேடியம்மாள் நிறுத்தினாள்.

புகை. சிவப்புக் கரை போட்ட சேலையில் காத்தாயி. கையில் தண்ணீர்ச் சொம்பு. முனியம்மா. எல்லம்மா. குள்ளம்மா. பூங்காவனம். அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஒரு இருமல். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு இருமல். அப்புறம் சாலம்மா.

அடுத்த வருஷமும். அதற்கு அடுத்த வருஷமும்.

வெள்ளிக்கிழமைதோறும் வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டவள் அதே காத்தாயிதான். மாட்டுத் தொழுவத்துக்குக்கூட ஒரு சுற்றுக் காட்டிவிட்டு வருவாள்.

வெள்ளிக்கிழமைகளில் அவள் இருமி வேடியம்மாள் கேட்டதில்லை.

"அடிப்பாவி," என்றாள் வேடியம்மாள்.

சுனையம்மா கை கழுவப் போனாள்.

"இருபத்தாறு வருஷம். என்னைத் திட்டினாங்களே அம்மா. காதை அடகு வச்சியான்னு."

சொல்லி முடிக்க முடியவில்லை. சிரிப்பு வந்தது. முதலில் மூக்கு வழியாக வந்தது. அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அப்புறம் பாறையில் கையை அடித்து அடித்துச் சிரித்தாள். சுனையில் தண்ணீர் குடிக்க வந்த மைனா பறந்து போனது.

சிரித்து ஓய்ந்ததும் பசித்தது. கல்லில் இன்னும் ஒரு அடை தட்டித் தின்றாள். மூன்று நாளுக்குப் பிறகு ஒருவாய் சாப்பாடு.

பிறகு போனை எடுத்து, டவர் கிடைக்கிற பாறை விளிம்புக்குப் போனாள்.

"மேகலா, அந்த நோட்டை எடு."

"இப்பவா அத்தை? வெள்ளிக்கிழமைதானே சொல்றேன்னீங்க."

"மத்ததெல்லாம் வெள்ளிக்கிழமை. அஞ்சாவது இலையை இப்பவே எழுது."

பக்கம் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"ம், பேரு சொல்லுங்க அத்தை."

வேடியம்மாள் திரும்பிக் கொட்டகையைப் பார்த்தாள். இலை காலியாகக் கிடந்தது. இடது பக்கம் சொம்பு இருந்தது.

"பேரு எனக்குத் தெரியாது. என் மாமியாருக்கும் தெரியாது. அடை சூடா இருக்கணும், வெங்காயம் கூடாது. எழுதினியா?"

"எழுதினேன்."

"தண்ணிச் சொம்பை இடது பக்கம் வைக்கணும்."