காணாமல் போன பட்டன்

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு நெட் சென்டர். கல்லூரிக்கு விண்ணப்பிக்க அன்றைக்குத்தான் கடைசி நாள், அதுவும் ஐந்து மணி வரைக்கும்தான். மணி நாலரை. பன்னிரண்டு பிள்ளைகள் எல்லாவற்றையும் நிரப்பிச் சேமித்துவிட்டுப் பார்த்தால், அனுப்பும் பட்டனைக் காணோம்! மூன்று கம்ப்யூட்டரிலும் காணோம்!

"சைட்டே கோளாறு. எல்லாரும் கிளம்புங்க!" என்றார் ஞானதுரை. முதலாளியின் மைத்துனர், அந்தக் கடையின் சிஸ்டம் நிபுணர் தாம்தான் என்று சொல்லிக்கொள்பவர்.

ஜெராக்ஸ் எடுக்கும் பேச்சியம்மாள் எட்டிப் பார்த்தாள். "என் போன்ல பட்டன் தெரியுதே சார்?"

"ஜெராக்ஸ்காரி இந்த கம்ப்யூட்டர்ல பட்டனைக் கொண்டு வந்துட்டா, இன்னைக்கு முழுக்க நான் ஜெராக்ஸ் போடுறேன்!"

"சரி சார். விளம்பரம் வராம இருக்க ஏதோ போட்டீங்களே, எத்தனை போட்டீங்க?"

ஞானதுரை நெஞ்சை நிமிர்த்தினார். "மூணு ஆட் பிளாக்கர்! எதை எதை மறைக்கணும்னு நாற்பது ஃபில்டர் லிஸ்ட் இருந்துச்சு. நாற்பதுக்கும் டிக் அடிச்சிட்டேன்!"

பேச்சியம்மாள் இரண்டு பிளாக்கரைத் தூக்கினாள். மிச்சமிருந்த ஒன்றில், அதோடு வந்த லிஸ்ட்டுகளை மட்டும் விட்டுவிட்டு மற்ற டிக்கை எல்லாம் எடுத்தாள். பக்கத்தை மறுபடி திறந்தாள். பளிச்சென்று பட்டன்! விளம்பரம் ஒன்றுகூட இல்லை! மற்ற இரண்டு கம்ப்யூட்டரையும் அப்படியே சரிசெய்தாள்.

நாலு ஐம்பத்தெட்டுக்குப் பன்னிரண்டாவது விண்ணப்பமும் போய்ச் சேர்ந்தது. கடையே கைதட்டியது.

ஞானதுரை ஜெராக்ஸ் மிஷின் முன்னால் நின்று விழித்தார். "இதுல பட்டன் எங்கம்மா இருக்கு?"

"பச்சையா இருக்கு பாருங்க சார். நல்லவேளை, இதுல நீங்க இன்னும் எதையும் போடல."