மதகில் இறங்கிய கொற்றன்

"போர்க்களத்தில் நான் வீரனாக இருந்ததே இல்லை, அடிகளே" என்றான் கொற்றன்.

மூன்று போர்களில் முன்வரிசையில் நின்றவன் அவன். இப்போது நாட்டில் சண்டை இல்லை. ஏரிக்கரைக் காவலுக்குப் போட்டிருந்தார்கள். கரையோரக் குகையில் தங்கியிருந்த சேந்தன் அடிகளைத்தான் அவன் குருவாகக் கொண்டிருந்தான்.

"பிறகு யார் போரிட்டது?"

"கோபம். முரசு ஒலிக்கும். ரத்தம் கொதிக்கும். கால் தானாக ஓடும். கோபம் வராத இடத்தில் எனக்குத் துணிவு இருக்குமா?"

"தெரியாது" என்றார் அடிகள்.

"நீங்களே இப்படிச் சொன்னால் எப்படி?"

"தெரியாததை வேறு எப்படிச் சொல்வது?"

அப்போது மதகுப் பக்கம் கூச்சல் எழுந்தது. இருவரும் மழையில் ஓடினார்கள்.

ஏரி கரையைத் தொட்டுத் தளும்பியது. அடியில் இருக்கும் மதகைத் திறக்காவிட்டால் கரை உடையும். கரை உடைந்தால் கீழே ஊரே இருக்காது. மதகை அடைத்த கட்டையைத் தூக்குவதற்காகச் சாத்தன் என்பவன் மூழ்கியிருந்தான்.

மேலே வரவில்லை.

"இறங்காதே ஐயா! மதகு ஆளை உள்ளே இழுத்துவிடும்!" என்று கரையில் நின்ற ஊரார் கொற்றனைத் தடுத்தார்கள்.

கொற்றன் இடுப்பில் கயிற்றைக் கட்டினான். மறுமுனையை அடிகள் பனைமரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டார்.

குதித்தான்.

சற்று நேரத்தில் தலை தெரிந்தது.

"கிடைத்தானா?"

"கால் மாட்டியிருக்கிறது. உயிர் இருக்கிறது. என் விரலைப் பிடித்தான்."

கரையின் விளிம்பு பிளந்து சரிந்தது. நின்றவர்கள் சிதறி ஓடினார்கள்.

"போதும், ஏறி வந்துவிடு!" என்று யாரோ கத்தினார்கள்.

கொற்றன் அடிகளைப் பார்த்தான். அவர் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

மறுபடி மூழ்கினான்.

அடியில் ஒரே இருட்டு. கட்டைக்கும் கல்லுக்கும் நடுவே சாத்தனின் கால். கொற்றன் கட்டைக்கு அடியில் தோளைக் கொடுத்து உந்தினான். அசையவில்லை. நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. இன்னொரு முறை உந்தினான்.

கட்டை எழுந்தது. நீர் மதகுக்குள் பாய்ந்தது. பாய்ந்த வேகத்தில் இருவரையும் சேர்த்து இழுத்தது. சாத்தனை மார்போடு கட்டிக்கொண்டான் கொற்றன்.

மேலே கயிறு அடிகளின் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. அவர் விடவில்லை.

"வாருங்கள்! ஆள் இருக்கிறான், வாருங்கள்!"

ஓடியவர்கள் திரும்பி வந்தார்கள். எல்லோருமாகச் சேர்ந்து இழுத்தார்கள்.

கரையில் கிடத்தியதும் சாத்தன் இருமினான். நீரைக் கக்கினான். பிறகு, "மதகு திறந்ததா?" என்று கேட்டான்.

கீழே வாய்க்கால் இடி போல முழங்கியது. ஊரே ஆர்ப்பரித்தது. கொற்றனைத் தோளில் தூக்கிவைத்துக் கூத்தாடினார்கள். சாத்தனின் மனைவி அழுதுகொண்டே சிரித்தாள்.

ஒருவழியாகக் கொற்றன் இறங்கி அடிகளிடம் வந்தான். கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்தான்.

"என்ன அது?"

"வெட்கமாக இருக்கிறது, அடிகளே. நடுக்கம் நிற்கவே மாட்டேன் என்கிறது."

அடிகள் தம் இரு கைகளையும் நீட்டினார். தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. பத்து விரல்களும் காற்றில் அகப்பட்ட இலைகள் போல ஆடின.

"உங்களுக்குமா?"

"நீ குதித்ததிலிருந்தே" என்றார் அடிகள்.