பொய் சொன்ன பலகை

உக்காருங்கப்பா, உக்காருங்க. ஏய் பின்வரிசை, வாயா அது, மாவு மில்லா? நிறுத்து. காலை மடக்கு. கதை கெளம்பியாச்சு.

கெர்னல் எழுதுற மடம் ஒண்ணு. மடம்னா பெருசா நெனைக்காதீங்க, மூடுன நெல்லு குடோன்ல ஆறு கம்ப்யூட்டர். குரு பேரு ஸபூரா, வயசு இருபத்தாறு. சீடர் மாசிலாமணி, வயசு அம்பத்தொண்ணு. சிரிக்காதீங்கடா, அங்க அப்படித்தான்.

கெர்னல்னா கம்ப்யூட்டர் வாசல்ல நிக்கிற ஆளு. யுஎஸ்பில எதைச் சொருகினாலும் அது மொதல்ல ஒரு சீட்டு நீட்டணும். "நான் இன்னாரு, என் சீட்டு இத்தனை பைட் நீளம்." டிஸ்கிரிப்டர்ம்பாங்க. அந்த நீளத்தை நம்பி, ஒண்ணுமே இல்லாத எடத்துலயும் படிச்சுக்கிட்டே போனா மெஷின் கவுந்துரும்.

போன மாசம் ஒரு பென்டிரைவ் குச்சி அப்படித்தான் அளந்து விட்டுச்சு. மெஷின் குப்புற விழுந்துச்சு. அந்தக் காவலை எழுதினவரு மாசிலாமணி.

அன்னைலேர்ந்து மனுசன் முறுக்கிக்கிட்டாரு. சொன்ன நீளமும் வந்த நீளமும் ஒரு பைட் மாறினாலும் வெளிய தள்ளுன்னு எழுதி, ஊரு பூரா அப்டேட் அனுப்பிட்டாரு.

அஞ்சாம் நாள் காலைல வடிவு வந்து நின்னாங்க. தாலுகா ஆபீஸ்ல டைப் பண்றவங்க, கண்ணு தெரியாது. ஸ்கிரீன்ல உள்ளதைப் புள்ளி புள்ளியா விரலுக்குத் தர்ற பிரெய்ல் பலகைதான் அவங்களுக்கு எல்லாம்.

"அப்டேட் போட்டதுலேர்ந்து பலகை எழும்பல. திங்கக்கிழமைக்குள்ள சரியாகலேன்னா என் எடத்துல வேற ஆளைப் போட்டுருவாங்க."

அவ்வளவுதான். ஸ்டூல்ல உக்காந்தாங்க.

மாசிலாமணி பலகையைச் சொருகிப் பாத்தாரு. தகரத்துல ஆணி கீறுற குரலு அவருக்கு. இந்தா கேளுங்க:

"டீச்ச்சர்! முப்பத்திநாலுங்குது, இருபத்தேழுதான் குடுக்குது. பொய்யி!"

"பொய்தான்ணே."

"அப்ப வெளிய!"

"பொல்லாத பொய் இல்லண்ணே. செஞ்சவனுக்கு எண்ணத் தெரியல."

"எண்ணத் தெரியாதவனுக்கு என் வாசல்ல என்ன வேலை? நீங்க குருவா இருங்க, குருவுக்கே குருவா இருங்க. ஒரு பைட் விடமாட்டேன்!"

ஸபூரா டிராயரைத் தொறந்து ஒரு குச்சியை எடுத்தாங்க. சொருகுனாங்க.

சொன்னது பதினெட்டு. வந்தது பதினெட்டு.

"பாத்தீங்களா, இது குணவான்!" மாசிலாமணி மீசையைத் தடவிக்கிட்டாரு. உள்ள விட்டாரு.

மெஷின் கவுந்துச்சு.

"எ... எப்படி?"

"சோதிக்க ஒருதடவை சீட்டைக் கேட்டீங்க. உள்ள கூட்டிட்டுப் போகையில மறுபடி கேட்டீங்க. ரெண்டாந்தடவை அது இருநூறுன்னுச்சு. நம்பிட்டீங்க."

மீசை தொங்கிருச்சு. ஆனா ஆளு அடங்குமா?

"அப்ப ஒண்ணையும் விடமாட்டேன்! குச்சி, பலகை, கீபோர்டு, மவுஸு, எல்லாம் வெளிய! யாரு பேச்சையும் நம்பாம எப்படித்தான் ஒண்ணை உள்ள விடுறது? சொல்லுங்க பாப்போம்! யாராச்சும் சொல்லுங்க!"

ஸ்டூல்லேர்ந்து வடிவு சொன்னாங்க:

"என் பலகைல நாப்பது எழுத்துக்கு எடம் இருக்குண்ணே. வரி பன்னெண்டுல முடிஞ்சா நாப்பதை நம்பித் தடவாம என் விரலும் பன்னெண்டுல நின்னுரும். உங்க கெர்னலுக்கு விரல் இல்லியா?"