செங்கல்லில் ஒரு கால்தடம்

தணிகாசலம் பாலாற்றங்கரையில் செங்கல் சூளை வைத்திருப்பவர். ஒன்பது வருஷமாக மடத்துக்கு வந்துபோகிறார். மடத்து அம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் தீட்சை வாங்கினால் இவரிடம்தான் என்று மனிதர் விடாப்பிடியாக இருந்தார்.

தியான மண்டபத்துக்குச் செங்கல் முழுக்க அவர் கொடுத்ததுதான். சுவர் இடுப்பளவு எழும்பியிருந்தது. அன்று மகள் யாழினியையும் கூட்டிக்கொண்டு வந்து, தீட்சையைத் தள்ளிப்போட இன்னும் தன்னிடம் என்ன குறை என்று அம்மையிடம் கேட்டேவிட்டார்.

அம்மை உள்ளே போய் ஒரு செங்கல்லை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தார். அதன்மேல் ஐந்து விரலும் பதிந்த சின்னக் கால்தடம் ஒன்று இருந்தது.

"இந்தக் காலுக்கு எத்தனை வயசு இருக்கும்?"

தணிகாசலம் சிரித்தார். களத்தில் காயும் பச்சைக் கல்லைப் புரட்டிவிடப் பிள்ளைகளைத்தான் ஏற்றுவோம், பெரியவர்கள் ஏறினால் கல் நசுங்கிப்போகும் என்று தொழில் விவரம் சொன்னார்.

"அஞ்சு வயசு இருக்கும்மா."

"ஒன்பது. பேரு பவுனு. நேத்து களத்துக்குப் போய்க் கேட்டேன். பேரைச் சொல்றதுக்குள்ள நாலு தடவை இருமுனா."

யாழினிக்கும் ஒன்பதுதான். அளவு பார்க்கும்படி அம்மை சொன்னதும் அவள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தடத்தின்மேல் காலை வைத்தாள். குதிகால் பொருந்தியது. விரல்கள் தடத்தைத் தாண்டிப் போய்விட்டன.

"கல்லு வெந்தா சுருங்கும்மா" என்றார் தணிகாசலம்.

"எவ்வளவு?"

சூளைக்காரருக்குத் தெரியாதா? அரை விரற்கடைகூட வராது. மகளின் கால் இரண்டு விரற்கடை வெளியே நின்றது. ஆனாலும் பேச்சை விடவில்லை.

"வேலையை விட்டு நிறுத்துனா அதுங்க பட்டினி கெடக்கும்மா."

"அப்பன் ஆத்தா கூலியிலயே அந்த வீடு பசியாறணும். அது உங்க கையிலதான் இருக்கு. அவளை வைத்தியருகிட்டக் காட்டுங்க. பள்ளிக்கூடத்துல சேருங்க."

தணிகாசலம் மகளின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்கே செய்கிறேன் என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "தீட்சை எப்பம்மா?" என்று கேட்டார்.

அம்மை கொத்தனாரைக் கூப்பிட்டு வேலையை நிறுத்தச் சொன்னார். செங்கல்லை எடுத்து, தடம் தெரியும்படி, அரைகுறையாக நின்ற சுவரின்மேல் வைத்தார்.

"பவுனு காலு இதைத் தாண்டி ரெண்டு விரற்கடை வெளிய நிக்கிற அன்னைக்கு வாங்க. மண்டபத்துக்குக் கூரையும் அன்னைக்குத்தான்."