ராகு காலம் இரண்டு முறை வந்த ஞாயிற்றுக்கிழமை

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், விடியற்காலை ஐந்து மணிக்கு, சான் ஆன்டோனியோவிலிருந்து ஒரு கார் மேற்கே பார்த்துக் கிளம்பியது. உள்ளே மூன்று பேர். மூவரும் பட்டம் வாங்கியவர்கள். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

பின் சீட்டில் இருந்தவன் சொக்கலிங்கம். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, சொந்த ஊர் காரைக்குடிப் பக்கம். பதினோரு பெண் பார்த்து, பதினோரு வீட்டிலும் கேசரி தின்று, பதினோரு வீட்டிலிருந்தும் தகவல் வராமல் போனவன். அவன் ஜாதகத்தைப் பார்த்த ஜோசியர், முப்பத்தாறு வயது முடிவதற்குள் நிச்சயமாகாவிட்டால் இந்த ஜென்மத்தில் கல்யாணமே கிடையாது என்று அடித்துச் சொல்லிவிட்டார். அந்த முப்பத்தாறு அன்றைக்குச் சாயங்காலம் ஏழு மணிக்கு முடிகிறது. இந்திய நேரப்படி பார்த்தால் அன்று காலை எட்டரைக்கே, அவன் வழியில் இட்லி தின்றுகொண்டிருந்தபோதே, முடிந்துவிட்டது. அதை யாரும் யோசிக்காதது அவன் செய்த புண்ணியம்.

பன்னிரண்டாவது பெண்ணின் பெயர் உமையாள். டெக்சாஸின் மேற்குக் கோடியில், ஒரு பெட்ரோல் பங்க்கும் ஒரு பள்ளிக்கூடமும் ஏராளமான மாடுகளும் உள்ள ஊரில் கணக்கு டீச்சர். அவளுடைய அப்பச்சி நாச்சியப்பன் தேவகோட்டையிலிருந்து வந்து மகளோடு தங்கியிருந்தார். அவர் போனில் சொன்னது இவ்வளவுதான்: "ஞாயித்துக்கெழம ராகு காலம் நாலரைலேர்ந்து ஆறு வரைக்கும். அது முடிஞ்சு வாங்க. ராகு காலத்துக்குள்ள ஒரு அடிகூட எடுத்து வைக்கப்படாது." சொக்கலிங்கம் அவள் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. இந்தப் பெண்ணும் கைநழுவிப் போனால் அழுதுவிடுவோம் என்று அவனுக்கே தெரிந்திருந்தது.

முன் சீட்டில் இருந்தவர் அவனுடைய தாய்மாமன் வயிரவன். அவர்கள் வழக்கப்படி அம்மான். மருமகனுக்குப் பெண் முடித்துவிட்டுத்தான் திரும்புவேன் என்று ஊரிலிருந்து வந்தவர். காரை ஓட்டியவன் சொக்கலிங்கத்தோடு ஒரே வீட்டில் தங்கியிருக்கும் பிலவேந்திரன். ஞாயிறு தவறாமல் பூசை காணும் கிறிஸ்தவன். ஆனாலும் ராகு காலத்தில் மற்ற இருவரையும்விடக் கண்டிப்பு. தெரியாத சாமியோடு வம்பு வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அவன் கொள்கை.

கிளம்பும்போது ஊரிலிருந்து சொக்கலிங்கத்தைப் பெற்ற ஆத்தா போனில் வந்தாள். வெறுங்கையோட போகாதீக என்றாள். உடனே மூவரும் ஆளுக்கொரு எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். பிலவேந்திரன் பழத்தோடு சேர்த்தே ஸ்டியரிங்கைப் பிடித்தான். தாய்மாமன்தான் முன்னால போகணும் என்றாள். அதனால்தான் அம்மானுக்கு முன் சீட்டு. போற எடத்துல என்ன சொல்றாகளோ அதக் கேட்டு நடந்துக்கங்க என்றும் சொல்லி வைத்தாள். அங்கேதான் வந்தது வினை.

ஒன்றரை மணி நேரம் போனபின் ஒரு சின்ன ஊரின் எல்லையில் பலகை இருந்தது. இது கடவுளின் ஊர், மெதுவாகச் செல்லவும் என்று அதில் எழுதியிருந்தது.

"வண்டிய நிறுத்து," என்றார் அம்மான். "செருப்போடயா உள்ள போறது?"

"கார்லதானே போறோம் அம்மான்?"

"தேர்ல போனாலும் செருப்புப் போட்டா போவாக?"

மூன்று ஜோடி செருப்பும் பலகையின் அடியில் வரிசையாக வைக்கப்பட்டன. டோக்கன் கொடுக்க ஆள் இல்லையே என்பதுதான் பிலவேந்திரனுக்கு உறுத்தல். ஊரைத் தாண்டி பத்து மைல் போனபின், திரும்பிப் போய் எடுத்துக்கொள்ளலாமா என்று சொக்கலிங்கம் கேட்டான். கடவுளின் ஊர் முடிந்தது என்று எங்காவது பலகை பார்த்தாயா என்று அம்மான் திருப்பிக் கேட்டார். பார்க்கவில்லை. ஆகவே வெறுங்காலோடு மேற்கே போனார்கள்.

நடுப்பகலில் ஒரு பாலம் வந்தது. கீழே ஆறு என்று பெயருக்கு ஒரு மணல்மேடு. பாலத்தில் பனிக்கட்டி இருக்கிறதா பார்க்கவும் என்று பலகை சொன்னது. வெயில் நூறு டிகிரியைத் தாண்டியிருந்தது.

"பாக்கணுமாமே," என்றான் பிலவேந்திரன்.

"கவர்மென்டே சொல்லுது. எறங்குங்க."

இறங்கினார்கள். தார் கொதித்தது. கையில் எலுமிச்சம்பழத்தோடு மூன்று பேரும் ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்துக் குதித்தபடி இந்தக் கைப்பிடிச் சுவரிலிருந்து அந்தக் கைப்பிடிச் சுவர்வரை பார்த்தார்கள். பனிக்கட்டி இல்லை. எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்று பலகையில் இல்லாததால் இன்னும் கால் மணி நேரம் பார்த்தார்கள்.

"பாத்தாச்சுன்னு யார்ட்டச் சொல்றது?" என்று சொக்கலிங்கம் பாதத்தை ஊதிக்கொண்டே கேட்டான். சொல்ல ஆளில்லை. பலகையிடமே சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.

அதற்கப்புறம் ரோடு நூல் பிடித்தாற்போல் நேராகப் போயிற்று. எதிரே எப்போதாவது ஒரு வண்டி வரும். அப்படி வந்த ஒரு பிக்கப்பில் தொப்பி வைத்த கிழவர் ஒருவர், இவர்களைக் கடக்கும்போது ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்திக் காட்டினார். அந்தப் பக்கத்தில் அது வணக்கம். நம்மவர்கள் படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு விரல் காட்டினால் அதற்கு வேறு காரணம்.

"பாவம், வயசானவரு. ரொம்ப நேரமா அடக்கிக்கிட்டு வாராரு போல," என்றார் அம்மான்.

"அது சுண்டு விரல்லல்ல காட்டணும்? அவரு ஆள்காட்டி விரலக் காட்டுனாரு," என்றான் சொக்கலிங்கம்.

"ஊருக்கு ஊரு விரல் மாறும்டா."

"அவரு போற பக்கம் எண்பது மைலுக்கு வேற ஒண்ணும் கெடையாது. நல்ல கக்கூஸ் நாம இப்ப தாண்டி வந்த பங்க்லதான் இருக்கு. அவரு அதப் பாக்காமப் போயிட்டா?" என்றான் பிலவேந்திரன்.

மனிதாபிமானம் வென்றது. காரைத் திருப்பி, ஹாரன் அடித்துக்கொண்டே கிழவரைத் துரத்தினார்கள். அவர் பயந்து வேகமெடுத்தார். அவசரம் முற்றிவிட்டது என்று இவர்களும் வேகமெடுத்தார்கள். பன்னிரண்டு மைலில் பங்க் வந்தது. உள்ளே போனால் நான்கு பேராவது இருப்பார்கள் என்று கிழவர் வண்டியை அங்கே விட்டார். மூவரும் பின்னாலேயே போய் நிறுத்தி, எலுமிச்சம்பழத்தால் கழிப்பறைக் கதவைக் காட்டினார்கள். அவர் கையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டார். ஒரு நல்ல காரியம் செய்தோம் என்ற திருப்தியோடு திரும்பவும் மேற்கே கிளம்பினார்கள்.

உமையாளின் ஊருக்கு முந்தைய ஊர் வந்தபோது மணி நாலு இருபத்தைந்து. ராகு காலத்தில் ஒரு அடிகூட எடுத்து வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால், ஒரு மரத்தடியில் காரை நிறுத்தி, யாரும் கீழே காலை வைக்காமல் ஒன்றரை மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். ஆறு அடித்ததும் கார் பாய்ந்தது. இன்னும் பத்தே மைல்தான் பாக்கி. சொக்கலிங்கம் தலை வாரிக்கொண்டான்.

ஐந்து மைல் போனதும் ஒரு பச்சைப் பலகை. இங்கிருந்து கடிகாரத்தில் ஒரு மணி நேரம் குறைவு என்பதுதான் அதன் சாரம். பலகையைத் தாண்டியதும் பிலவேந்திரன் போனைப் பார்த்தான், சட்டென்று பிரேக் போட்டான்.

"அம்மான், மணி அஞ்சு அஞ்சு."

"என் வாட்ச்ல ஆறு அஞ்சுடா."

"போனுக்கு மணி மேலேர்ந்து வருது. ராகுவும் மேலதான் இருக்காரு. அவங்களுக்குள்ள பேசி வச்சிருப்பாங்க."

காத்திருந்து கழித்த ராகு காலம் மறுபடி முன்னால் வந்து நின்றது.

"பின்னால எடு," என்றார் அம்மான். கியர் மாற்றிய பிலவேந்திரனைத் தடுத்து, "இரு. பின்னால போனா நான் கடைசியாப் போறாப்புல ஆயிரும்ல?" என்று இறங்கிப் பின் சீட்டுக்குப் போனார். சொக்கலிங்கம் முன்னால் வந்தான். கார் பின்பக்கமாக நாற்பது அடி நகர்ந்து பலகையைத் தாண்டியது. அம்மான் தாய்மாமன் மரியாதை குறையாமல் முதலில் போய்ச் சேர்ந்தார்.

போன் ஆறு ஏழு என்றது. ராகு இல்லை.

பிலவேந்திரன் போனைத் தூக்கிக்கொண்டு நடந்து போய்ப் பார்த்தான். "இங்க அஞ்சு பத்து!" திரும்பி வந்தான். "இங்க ஆறு பத்து." ஐந்து தடவை போய் வந்தும் அதே கதைதான். பலகைக்கு அந்தப் பக்கம் ராகு கட்டிப்போட்ட நாய் மாதிரி உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் வரவுமில்லை, அங்கிருந்து நகரவுமில்லை.

சொக்கலிங்கம் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். அந்தப் பக்கம் ராகு காலம் முடிய ஆறு மணியாக வேண்டும். அங்கே ஆறு ஆகும்போது இங்கே ஏழு. இங்கே ஏழு அடித்தால் அவனுக்கு முப்பத்தாறு முடிந்துவிடும். பெண் ஐந்து மைலில் இருக்கிறாள், போக வழியில்லை. அந்த நேரம் பார்த்து அவளே போன் பண்ணினாள்.

"எங்க வந்துட்டீங்க?"

"அஞ்சு மைல்லதாங்க இருக்கோம். ஆனா ஒரு மணி நேரம் தள்ளி இருக்கோம்."

"அங்கயே இருங்க," என்றாள்.

இருந்தார்கள். அன்றைக்கு அவர்கள் சரியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

உமையாள் தன் பிக்கப்பைப் பலகைக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு நடந்து வந்தாள். "ராகு காலத்துல கெளம்பிட்டீங்களே," என்று பிலவேந்திரன் பதறினான்.

"நான் நல்ல காரியத்துக்குக் கெளம்பல. என்ன கூத்துன்னு பாக்கக் கெளம்புனேன்." சொக்கலிங்கத்தைத் தலைமுதல் கால்வரை பார்த்தாள். காலில் பார்வை நின்றது. "செருப்பு எங்க?"

"கடவுள் ஊர் வாசல்ல விட்டிருக்கோம்."

"கையில?"

"எலுமிச்சம்பழம். வெறுங்கையோட போகாதீகன்னு ஆத்தா சொன்னாக."

"எப்பலேர்ந்து வச்சிருக்கீங்க?"

"காலைல அஞ்சு மணிலேர்ந்து."

அவள் சிரிக்கவில்லை. ஏதோ கணக்குப் போடுகிறவள்போல அவனையே பார்த்தாள். "சொன்னாச் சொன்னபடி கேப்பீங்களா?"

"கேப்பேங்க. அது ஒண்ணுதாங்க எனக்குத் தெரியும்."

இந்தக் காலத்தில் அப்படி ஓர் ஆண்பிள்ளை எங்கே கிடைக்கிறான். "எனக்குச் சரி," என்றாள் உமையாள். அம்மான் வாட்ச்சைப் பார்த்துப் பிலவேந்திரனிடம் சொன்னார், "ஆறு நாப்பது. குறிச்சுக்க."

இருபது நிமிஷம் காத்திருந்து, ஏழு அடிக்கும் அதே நொடியில் காரை அந்தப் பக்கம் பாய்ச்சினார்கள். போன் ஆறு என்றது. ராகு போய்விட்டார். சொக்கலிங்கத்துக்கு முப்பத்தாறு முடிய மறுபடியும் ஒரு மணி நேரம் கிடைத்தது.

வீட்டில் நாச்சியப்பன் வேட்டி சட்டையோடு காத்திருந்தார். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"பொண்ணு சரின்னு சொல்லிருச்சு," என்றார் அம்மான், வாயெல்லாம் பல்லாக.

"எப்ப?"

"ஆறு நாப்பதுக்கு."

நாச்சியப்பன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு பத்து. "ஆறு நாப்பது இன்னும் ஆகலியே. வராத வண்டிக்கு நான் எப்படி மணி அடிக்கிறது?"

எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

"அப்ப நான் இன்னும் சொல்லலையா?" என்றாள் உமையாள்.

"இல்ல. ஆறு நாப்பதுக்குத்தான் சொல்லுவ."

"நல்லதாப் போச்சு. யோசிக்க அரை மணி நேரம் இருக்கு." ஒரு கட்டுப் பரீட்சைத் தாளை எடுத்துவந்து எதிரே உட்கார்ந்து திருத்த ஆரம்பித்தாள்.

அம்மான் சொக்கலிங்கத்தின் காதருகே குனிந்தார். "எந்திரி, அந்தப் பக்கமே போயிருவோம். அங்க முடிஞ்ச காரியம்."

"அங்க எனக்கு முப்பத்தாறும் முடிஞ்சுபோச்சு அம்மான்."

அதுவும் சரிதான். உட்கார்ந்தான். அசைந்தால் பிடிக்காமல் போய்விடுமோ என்று அசையவில்லை. மூக்கில் ஈ உட்கார்ந்தது, விட்டுவிட்டான். சிவப்புப் பேனாவால் அவள் ஒரு தப்பை அடிக்கும்போதெல்லாம் இவன் தனக்கும் ஒரு மார்க் போனதாக எண்ணிக்கொண்டான். அந்தப் பிள்ளைகள் நிறையத் தப்புச் செய்திருந்தார்கள்.

ஆறு நாற்பது. உமையாள் பேனாவை மூடினாள்.

"சரி," என்றாள்.

சொக்கலிங்கம் வெட்கப்படாமல் அழுதான். நாச்சியப்பன் எழுந்து அம்மானைத் தழுவிக்கொண்டார். தட்டு மாற்ற எழுந்தவர்களைப் பிலவேந்திரன்தான் கையைக் காட்டி நிறுத்தினான். அவன் முகம் மிகவும் கவலையாக இருந்தது.

"ஒரு சந்தேகம். பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு பொண்ணு ஆறு நாப்பதுக்குச் சரின்னு சொல்லுச்சு. இந்தப் பக்கம் ஒரு பொண்ணு ஆறு நாப்பதுக்குச் சரின்னு சொல்லியிருக்கு. ஒரே ஆளு ஒரே நேரத்துல ரெண்டு எடத்துல எப்படி இருக்க முடியும்? அப்ப ரெண்டு பொண்ணுல்ல?"

நாச்சியப்பன் மெதுவாக அம்மானை விட்டு விலகினார்.

"ஏற்கெனவே ஒரு எடத்துல பேசி முடிச்சுட்டா இங்க வந்தீக?"

"தெரியாம நடந்துபோச்சுங்க," என்றார் அம்மான், தலையைக் குனிந்துகொண்டு.

"நான் இப்பவே போயி அந்தப் பொண்ணுகிட்ட முடியாதுன்னு சொல்லிட்டு வந்துடறேன்," என்று சொக்கலிங்கம் கும்பிட்டான். சொல்லிவிட்டு, பயத்தோடு உமையாளைப் பார்த்தான். "அது கோவப்பட்டு அடிச்சுட்டா?"

உமையாள் ஆணியில் மாட்டியிருந்த பிக்கப் சாவியை எடுத்தாள்.

"கோவக்காரிதான். வாங்க, நானும் வாரேன். நான் பக்கத்துல இருந்தா அடிக்க மாட்டா."