மூடி வைத்த இடம்

தவசீலன் எட்டிப் பார்த்துவிட்டான். பார்க்கக்கூடாது என்று தெரிந்தே பார்த்தான்.

அந்த ஆய்வுக்கூடத்தில் துகள்கள் மோதிய பதிவுகள் மலையாய்க் குவிந்து கிடக்கும். அதில் குப்பை எது, தேறுவது எது என்று பிரிக்க ஒரு கணினி நிரலைப் பழக்குவார்கள். பழக்கி முடிக்கிற வரைக்கும், புதுத் துகள் இருக்கலாம் என்று நினைக்கிற பகுதியை மட்டும் மூடி வைத்துவிடுவார்கள். முடிந்ததும் எல்லாரும் ஒன்றாய் உட்கார்ந்து திறப்பார்கள். அதற்குப் பூட்டெல்லாம் கிடையாது. பார்க்க மாட்டார்கள் என்ற நம்பிக்கைதான்.

அவன் திறந்தான். வரைபடத்தின் தட்டையான கோட்டில் சின்னதாய் ஒரு மேடு; புதுத் துகளின் அடையாளமாய் இருக்கலாம். மூடிவிட்டு நிரலைக் கொஞ்சம் மாற்றிப் பழக்கினான். மறுபடி திறந்தான். மேடு வளர்ந்திருந்தது. இன்னும் மாற்றினான். இன்னும் வளர்ந்தது.

நாளைக்குத்தான் எல்லாரும் கூடித் திறக்கிற கூட்டம். வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றில் முனைவர் பட்டத்துக்கு ஒரே ஒரு இடம் இருந்தது. தவசீலனா, மெஹருன்னிசாவா என்று நாளைக்குத்தான் முடிவாகும். அவளும் இதே பதிவுகளைத் தனியாய் அலசிக்கொண்டிருந்தாள். இருவருக்கும் வழிகாட்டி ஜெபக்கனி மேடம்.

மத்தியானம் சாப்பிடப் போகவில்லை. மேடத்தின் அறையில் போய் நின்றான்.

"மேடம், ஒருத்தன் முன்னாடியே பார்த்துட்டான்னு வைங்க. பார்த்ததை மறந்துட்டு, முதல்லேருந்து ஒழுங்கா செஞ்சா சரியாயிடுமா?"

"யார் அந்த ஒருத்தன்?"

"சும்மா ஒரு பேச்சுக்கு."

மேடம் சாப்பாட்டு டப்பாவை மூடினார். சுவரில் மழைத்தண்ணீர் ஒழுகிய பழுப்புக் கறையைக் காட்டினார்.

"அது என்ன?"

"ஒழுகல். நீங்க புகார் குடுத்துக் குடுத்து ஓஞ்சுபோனது."

"எனக்கு அது ஒட்டகம். படுத்திருக்கு. இது கழுத்து, அது திமில்."

அவன் பார்த்தான். சிரிப்பு வந்துவிட்டது.

"அட, ஆமா மேடம். வாலைக்கூட சுருட்டி வச்சிருக்கு."

"வாலை நான் சொல்லலையே. நீயா வளர்த்துட்ட."

சிரிப்பு நின்றது.

"சரி, இப்ப ஒட்டகத்தை எடுத்துடு. வெறும் கறையைப் பாரு."

கண்ணை இடுக்கினான். தலையைச் சாய்த்தான். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுவிட்டுச் சட்டென்று திரும்பினான். ஒட்டகம் அசையாமல் படுத்திருந்தது.

"முடியல மேடம்."

திறந்து பார்த்ததையும் மேடு வளர்ந்ததையும் சொல்லிவிட்டான்.

"அந்த மேடு நிஜமாவே ஒரு துகளா இருந்துட்டா?"

"இருக்கலாம். அதை இனி வேற யாராவதுதான் சொல்லணும்."

"இப்ப நான் என்ன செய்யறது?"

"திறக்கறதுக்கு முன்னாடி, யாராவது பார்த்தீங்களான்னு குழுத் தலைவர் கேப்பார்ல? அப்ப கையைத் தூக்கு."

"தூக்கினா இடம் போயிடும்."

"போயிடும்."

"எங்கப்பா ஊர்ல இருக்கற அத்தனை பேர்கிட்டயும் சொல்லி வச்சிருக்கார் மேடம்."

"சரி."

அவனுக்குக் கோபம் வந்தது. இரண்டு வார்த்தை ஆறுதலாய்ச் சொன்னால் என்ன?

"நான் தூக்கலைன்னா நீங்க சொல்லிடுவீங்களா?"

மேடம் டப்பாவைப் பையில் வைத்தார்.

"நான் எதைப் பார்த்தேன்? பார்த்தவன் நீ."

மறுநாள் கூட்ட அறை நிரம்பி வழிந்தது. புதிதாய் வெள்ளையடித்த சுவர். ஒரு பொட்டுக் கறை இல்லை. அதிலும் தவசீலனுக்கு ஒட்டகம் தெரிந்தது.

பக்கத்து நாற்காலியில் மெஹருன்னிசா துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"டேய், ஏதாவது இருக்கும்கற? எனக்கு ராத்திரி பூரா தூக்கமே இல்ல. ஒரே ஒரு தடவை பார்த்துடலாமான்னு கை பரபரன்னுச்சு. லேப்டாப்பை எங்கம்மாகிட்ட குடுத்து ஒளிச்சு வைக்கச் சொல்லிட்டேன்."

"தெரியாது," என்றான் தவசீலன்.

தலைவர் எழுந்தார். வழக்கமாய்க் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"யாராவது முன்னாடியே பார்த்தீங்களா?"

இதுவரை அந்தக் கேள்விக்கு ஒருத்தரும் கை தூக்கியதில்லை.

"நான் கனவுல பார்த்தேன் சார்!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

எல்லாரும் சிரித்தார்கள். மெஹருன்னிசாவும் சிரித்தாள். ஜெபக்கனி மேடம் சிரிக்கவில்லை. முன்வரிசையிலிருந்து மெல்லத் திரும்பினார். அவன் முகத்தை அவர் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார்.

"யாரும் இல்லையே? அப்ப திறக்கலாமா?"

தவசீலனின் கை மேசைக்கு அடியில், முழங்கால் மேல் இருந்தது.

அங்கேயே இருந்தது.